நாலாவது குழாய்

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. நடந்து இன்னும் இரண்டு வருடம் முடியவில்லை. பேய் என்றால் நடுச்சாமத்தில் வெள்ளைச் சேலையோடுதான் வரும் என்று நினைத்துக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம். இது பட்டப்பகலில் நடந்தது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கற்பிட்டி வீதியால் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு பறந்தன. அப்படிப்பட்ட இடத்தில், அப்படிப்பட்ட நேரத்தில்தான் தவச்செல்வன் அந்த மூச்சைக் கேட்டான்.

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால் அவனுடைய கராஜ். தகரக் கூரை, சீமெந்துத் தரை, மூன்று பக்கம் சுவர். யுத்த காலத்தில் வன்னியிலிருந்து தாய் தகப்பனோடு புத்தளத்துக்கு வந்து, இங்கேயே தொழில் பழகி, இங்கேயே கலியாணமும் கட்டியவன். வெல்டிங்கில் கெட்டிக்காரன். பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால், "உயிரோட இருக்கிறவனே எனக்குத் தரவேண்டிய காசைத் தரேல்ல, செத்தவன் என்ன செய்யப்போறான்" என்று சிரிப்பான். இப்போது அப்படிச் சிரிப்பதில்லை.

மனைவி நிசாந்தி கற்பிட்டிக் கரைப் பெண். அவளுக்கு ஒரேயொரு தம்பி, றொகான். உச்சமுனைப் பக்கத்துப் படகொன்றில் சங்கும் கடலட்டையும் எடுக்க முக்குளிக்கப் போகிறவன். அந்தத் தொழில் எப்படியென்றால், படகில் ஒரு கொம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீண்ட ஹோஸ் ஒன்று கடலுக்குள் இறங்கும். அதன் நுனியை வாயில் கவ்விக்கொண்டு அடிக்குப் போகவேண்டும். மேலே அது ஓடும் வரைக்கும்தான் கீழே இருப்பவனுக்கு மூச்சு. இது நடப்பதற்கு முந்தின வருடம் ஒருநாள் றொகான் காதாலும் மூக்காலும் இரத்தம் வழிய மேலே வந்தான். அன்றிலிருந்து நிசாந்திக்கு நித்திரை போய்விட்டது.

"எப்பிடியாவது இவனைக் கடலை விட்டு எடுத்துத் தாங்கோ" என்று அவள் புருஷனிடம் கேட்டாள். அழுதும் கேட்டாள், சண்டை பிடித்தும் கேட்டாள். தவச்செல்வனுக்கு மட்டும் ஆசை இல்லையா? மச்சான் என்று பெயர்தானே தவிர, அவனுக்கு றொகான் பெறாத பிள்ளை மாதிரி. ஆனால் கராஜில் ஒரு ஆளுக்கே வேலை காணாது. இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது?

அப்படி இருக்கும்போதுதான் பரமநாதன் அந்தச் சிவப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

பரமநாதன் லண்டனில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்து ஆலங்குடாவில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர். கார், தொண்ணூறாம் ஆண்டு மாஸ்டா. இரண்டே பேர் இருக்கக்கூடியது, கூரையை மடிக்கலாம். முன்விளக்குகள் பொனட்டுக்குள் புதைந்து கிடக்கும், சுவிட்சைப் போட்டால் கண் திறந்த மாதிரி எழும்பி வரும். எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றுகிற வார்ப்பிரும்பு வெடித்துப்போய், கார் தொண்டை கட்டிய ஆள் மாதிரிக் கத்தியது.

"தவம், பழசை ஒட்டவேண்டாம். நல்ல ஹெடர்ஸ் ஒண்டு போடுவம்" என்றார். "அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை கொழும்பிலயிருந்து இப்பிடியான கார்க்காரர் பத்துப் பேர் என்ர இடத்துக்கு வருகினம். என்ர கார்ச் சத்தத்தைக் கேட்டாலே போதும், எல்லாரும் உன்னட்டத்தான் வருவினம். பிறகு என்ர விடுதிக் காணிக்குள்ளயே பெரிய கராஜ் போடு. ஆள் வைச்சு நடத்து."

ஆள் வைச்சு நடத்து. அந்த மூன்று சொல்லும் தவச்செல்வன் காதில் மணி மாதிரி அடித்தன. அந்த ஆள் யார் என்று அவன் அந்த இடத்திலேயே முடிவுசெய்துவிட்டான்.

ஹெடர்ஸ் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எஞ்சினுக்கு நாலு சிலிண்டர். வார்ப்பிரும்பில் நாலின் புகையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளியேறும், திருவிழா முடிந்து சனமெல்லாம் ஒரே கேற்றால் வருவது மாதிரி. ஹெடர்ஸில் நாலுக்கும் தனித்தனிக் குழாய். அதிலும் இரண்டு சாதி. நாலும் நேரே ஒன்றாகச் சேர்வது ஒன்று. நாலு இரண்டாகி, அந்த இரண்டு பிறகு ஒன்றாவது மற்றது. பரமநாதனுக்கு முதலாவதில்தான் கண், அது பார்க்க எடுப்பு.

"அது கூடுதலா மிதிச்சாத்தான் இழுக்கும் ஐயா" என்றான் தவச்செல்வன். "நீங்க ஓடுறது நுரைச்சோலைக்கும் கற்பிட்டிக்கும். றோட்டில மாடு படுத்திருக்கும். ரெண்டாவதை எடுங்கோ, சாதாரண ஓட்டத்திலயே இழுவை தெரியும்."

ஒத்துக்கொண்டார். அமெரிக்காவிலிருந்து பார்சல் வந்து சேர்ந்தபோது அந்தச் சனிக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. பிரித்தபோது நாலு குழாயும் வெள்ளிக்கரண்டி மாதிரி மின்னின. பொருத்திப் பார்த்தால்... மூன்று குழாய் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது, நாலாவது உட்காரவில்லை. ஸ்டியரிங் தண்டில் போய் முட்டியது. அமெரிக்காவில் ஸ்டியரிங் இடப்பக்கம், இங்கே வலப்பக்கம். இதை ஓடர் போடுகிற நேரத்தில் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும்.

"சுத்தியலால ரெண்டு தட்டு தட்டிப் பள்ளமாக்கினாச் சரிதானே" என்றார் பரமநாதன்.

"நெரிச்சா அந்தச் சிலிண்டருக்கு மூச்சு முட்டும் ஐயா. எஞ்சினும் மூச்சு விடவேணும்."

சொன்னவன் அவன்தான். அவன் வாயால்தான் சொன்னான்.

நாலாவது குழாயை வெட்டி எடுத்துவிட்டு, ஸ்டியரிங் தண்டைச் சுற்றிப் போகிற மாதிரிப் புதிதாக ஒன்று செய்யவேண்டும். அதற்கு வளைந்த ஸ்டெயின்லஸ் குழாய் வேண்டும். புத்தளத்தில் தேடினான், சிலாபத்துக்கும் போன் போட்டான், அந்தச் சுற்றளவில் ஒன்றும் அகப்படவில்லை. கொழும்பிலிருந்து எடுப்பித்தால் சனிக்கிழமை தாண்டிவிடும். இதை வீட்டில் சோறு தின்றுகொண்டே சொல்லிக் கவலைப்பட்டான். றொகானும் அன்றைக்கு அங்கேதான் சாப்பிட்டான்.

அடுத்தநாள் பின்னேரம் றொகான் கையில் ஒரு குழாயோடு வந்து நின்றான். அதே சுற்றளவு. அளவெடுத்து வளைத்த மாதிரி அதே வளைவு.

"எங்கால இது?"

"எங்கட படகில இருந்தது அத்தான். கொம்ப்ரசருக்குக் காத்து இழுக்கிற குழாய். எஞ்சின் புகை கலக்காம இருக்க உயரத்தில நிக்குமே, அது. முதலாளி போன கிழமை புதுசு பூட்டிட்டார். இது சும்மா கிடந்தது."

"கேட்டனியா?"

"கேக்காம எடுப்பனா? எனக்கும் அவசரம்தானே. திங்கக்கிழமையிலயிருந்து நானும் உங்கட ஆள்." பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "இந்த வியாழக்கிழமையோட கடல் சரி."

தவச்செல்வன் அந்தக் குழாயைக் கழுவி, உள்ளே பிரஷ் விட்டு உப்பெல்லாம் தேய்த்து எடுத்தான். பிறகு அளவுக்கு வெட்ட கிரைண்டரை வைத்தான். தகடு குழாயைத் துளைத்த அந்த நொடியில் 'புஸ்ஸ்' என்று ஒரு காற்று அவன் முகத்தில் அடித்தது. சோடாப் போத்தல் மூடியைத் திறந்தால் வருமே, அப்படி. அவன் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு பக்கமும் திறந்த குழாய். அதற்குள் காற்று எப்படி அடைபட்டு நிற்கும்? தகடு சுழன்ற காற்றாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

மேல் பக்கத்து வெல்டிங் அழகாகப் பிடித்தது. கீழ்ப்பக்கம், மற்றக் குழாயோடு சேருகிற இடத்தில், பிடிக்கவில்லை. வைத்த இடமெல்லாம் குமிழி குமிழியாகப் பொங்கி ஓட்டை விழுந்தது. உள்ளே ஈரம் இருந்தால்தான் அப்படி வரும். துடைத்தான், சூடாக்கிக் காயவைத்தான், திரும்பவும் வைத்தான், திரும்பவும் பொங்கியது. இருபது வருடத் தொழிலில் ஒரு சாண் குழாய் அவனை இப்படிப் படுத்தியதில்லை. கடைசியில், இப்போதைக்கு ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிவிட்டு ஓடவிட்டுப் பார்ப்போம், வெல்டிங்கைப் பிறகு பார்க்கலாம் என்று எல்லாவற்றையும் பூட்டினான். செருகிய இடத்தில் தலைமயிர் பருமனுக்கு ஒரு நீக்கல் இருந்தது.

அன்று வியாழக்கிழமை.

மத்தியானம் நிசாந்தி போன் எடுத்தாள்.

"தம்பி கடலுக்குப் போயிட்டான். இண்டைக்குக் கடைசி எண்டு சொல்லிச் சிரிக்கிறான். எனக்குத்தான் மனம் ஒரு மாதிரிக் கிடக்கு."

"ஒண்டும் யோசியாத. பின்னேரம் வந்திருவான். இரவைக்கு மீன் வேண்டாம், கோழி காய்ச்சு."

பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லி முடிந்தது. தவச்செல்வன் காருக்குள் ஏறிச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரே பிடியில் பிடித்தது. சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முழுச் சத்தம் இல்லை. நாலு பேர் பாடவேண்டிய இடத்தில் மூன்று பேர் பாடுவது மாதிரி ஒரு குறை.

இறங்கி வந்து பொனட்டுக்குள் குனிந்தான். புது ஸ்டெயின்லஸ் சூடேறும்போது நிறம் மாறும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு செம்பு, பிறகு மயில் கழுத்து நீலம். முதல் குழாய் மாறியது, இரண்டாவது மாறியது, மூன்றாவதும் மாறியது.

நாலாவது மாறவில்லை. வெள்ளையாகவே இருந்தது.

அந்தச் சிலிண்டர் எரியவில்லை போல. இப்படியான நேரத்தில் மெக்கானிக்மார் செய்கிற ஒரு சின்ன வேலை இருக்கிறது. கையைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு குழாயிலும் ஒரு சொட்டு விடுவார்கள். எரிகிற குழாய் சொட்டைக் குடித்துவிடும். அவனும் விட்டான். முதலாவது, 'சுர்ர்'. இரண்டாவது, 'சுர்ர்'. மூன்றாவது, 'சுர்ர்'.

நாலாவதில் சொட்டு அப்படியே உருண்டு ஓடிக் கீழே விழுந்தது.

எஞ்சினை நிறுத்தி நாலாவது பிளக்கைக் கழற்றினான். காய்ந்து, மண்ணிறமாக, அச்சொட்டாக எரிந்திருந்தது. கைப்பட முடியாத சூடு. மற்ற மூன்றும் எப்படியோ அப்படியே இதுவும். அப்படியென்றால் சிலிண்டர் எரிகிறது. நெருப்பு இருக்கிறது. புகையும் அந்தக் குழாயால்தான் போகவேண்டும், வேறு வழி இல்லை. பிறகேன் குழாய் சூடாகவில்லை?

பிளக்கைப் பூட்டித் திரும்பவும் ஓடவிட்டான். பத்து நிமிஷம். மிதித்தும் பார்த்தான்.

குழாயில் இப்போது வியர்வை பிடித்திருந்தது. ஐஸ் போட்ட கிளாஸில் பிடிக்குமே, அப்படி. மற்ற மூன்றும் நெருப்பாய்க் கொதிக்கின்றன... நடுவில் இது மட்டும் நனைந்துகொண்டு நிற்கிறது.

அவன் யோசிக்காமல் விரலால் தொட்டான். இந்த முட்டாள்தனத்தை எந்த மெக்கானிக்கும் செய்யமாட்டான். விரல் வெந்திருக்கவேண்டும்.

குளிர்ந்தது.

விரலை மூக்கில் வைத்தான். கடல் வெடுக்கு. பாசி மணம். நாக்கில் வைத்தான்.

உப்பு.

அவன் எஞ்சினை நிறுத்தினான். சுவர் மணிக்கூட்டில் மூன்று நாற்பது. பக்கத்துக் கடை ரேடியோவும் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது.

'டிக்... டிக்... டிக்...'

சூடான குழாய் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது இப்படிச் சத்தம் வரும். இது எல்லாக் கராஜிலும் ஒவ்வொரு நாளும் கேட்கிற சத்தம். அவன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

'டிக்... டிக்... டிக்...'

கொஞ்சம் இடைவெளி.

'டிக்... டிக்... டிக்...'

மூன்று. நிற்கிறது. திரும்பவும் மூன்று. அவன் காதைக் கிட்டக் கொண்டுபோனான். முதல் குழாயில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. நாலாவதிலிருந்துதான் வருகிறது.

சூடே ஏறாத குழாய்... எதற்கு ஆறுகிறது?

அப்போதுதான் மற்றச் சத்தமும் கேட்டது. மெல்லியது. முதலில் வீதியில் எங்கோ லொறி ஒன்று பிரேக் காற்றை விடுகிறது என்றுதான் நினைத்தான்.

'ஹ்ஸ்ஸ்ஸ்...'

உள்ளே இழுக்கிறது.

நின்றது.

'ஹாஆஆ...'

வெளியே விடுகிறது.

தவச்செல்வன் ஒரு அடி பின்னால் போனான். ஆனாலும் ஆள் லேசில் நம்புகிறவன் இல்லையே! கடற்காற்று என்று தனக்குத்தானே சொன்னான். பின்பக்கத்துச் சைலன்சருக்குள் காற்று அடிக்கிறது, இந்த நீக்கலால் வருகிறது, அவ்வளவுதான். பின்னால் போய்ச் சைலன்சர் வாயில் கையை வைத்தான். ஒரு பொட்டுக் காற்று இல்லை. கராஜ் மூலையில் நுளம்புத்திரி எரிந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து குழாய் செருகிய நீக்கலுக்குக் கிட்டப் பிடித்தான்.

புகை நேரே மேலே போனது.

பிறகு வளைந்தது.

வளைந்து... நூல் மாதிரி மெலிந்து... அந்த நீக்கலுக்குள் போனது.

நின்றது.

திரும்பி வந்தது.

எஞ்சின் நிற்கிறது. சாவி அவன் சட்டைப்பையில். கார் மூச்சு விடுகிறது.

நேரம் போகப் போக மூச்சு வேகமானது. 'ஹ்ஸ்ஸ்... ஹா... ஹ்ஸ்ஸ்... ஹா...' ஓடி வந்து களைத்த ஆள் மாதிரி. இடையிடையே அந்த மூன்று 'டிக்'. அதுவும் இப்போது பலமாக. யாரோ உள்ளேயிருந்து விரலை மடக்கித் தட்டுகிற மாதிரி.

வெளியே ஓடிப்போய் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். வீதியில் சனம் இருந்தது. பக்கத்துக் கடைக்கார நூர்தீன் நானா இருந்தார். அவன் கூப்பிடவில்லை. நாளை மறுநாள் சனிக்கிழமை. கார் சரிவராவிட்டால் கராஜ் இல்லை. கராஜ் இல்லாவிட்டால் றொகான் திரும்பவும் கடலுக்கு. அவன் மண்டைக்குள் அது ஒன்றுதான் ஓடியது. பயத்தைவிட அது பெரிதாக இருந்தது. ஓட்டை இருக்கிறது, ஓட்டையை அடைக்கவேண்டும். அவனுக்குத் தெரிந்த வேலை அதுதானே.

எக்சோஸ்ட் பேஸ்ட் என்று ஒன்று கடையில் கிடைக்கும். சாம்பல் நிறம், களி மாதிரி இருக்கும். நீக்கலில் பூசிவிட்டு எஞ்சினை ஓடவிட்டால் சூட்டில் இறுகிக் கல்லாகிவிடும். அவன் ட்யூபைத் திறந்து விரலில் எடுத்து அந்த நீக்கலில் வைத்தான்.

விரலிலிருந்து பேஸ்ட் போய்விட்டது.

உள்ளே இழுத்துக்கொண்டது.

திரும்பவும் எடுத்தான். வைத்தான்.

இழுத்தது.

திரும்பவும்.

இழுத்தது. இந்தமுறை ஒரு சத்தம் வந்தது... தொண்டையில் எதுவோ சிக்கின மாதிரி.

'டிக் டிக் டிக். டிக் டிக் டிக். டிக் டிக் டிக்.'

"நிப்பாட்டு... நிப்பாட்டு..." என்று அவன் முணுமுணுத்தான். யாருக்குச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

ட்யூபை நீக்கலோடு வைத்து இரண்டு கையாலும் நசுக்கினான். முழுவதும். கடைசிச் சொட்டு வரைக்கும்.

'ஹ்ஸ்...'

'ஹ்...'

'டிக்.'

பிறகு ஒன்றும் இல்லை.

மணிக்கூட்டில் நாலு ஐந்து.

பக்கத்துக் கடையில் ரேடியோ பாடத் தொடங்கியது. பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. தவச்செல்வன் தரையில் இருந்துகொண்டு வியர்வையைத் துடைத்தான். கொஞ்ச நேரம் கழித்து எழும்பிச் சாவியைத் திருப்பினான்.

ஆஹா, அந்தச் சத்தம்! மூன்று பேர் இல்லை, இப்போது நாலு பேரும் சேர்ந்து பாடினார்கள். மிதித்தால் உறுமியது, விட்டால் குழைந்தது. பொனட்டுக்குள் பார்த்தான். நாலாவது குழாய் அவன் கண்ணுக்கு முன்னாலேயே வைக்கோல் நிறமானது, பிறகு செம்பு, பிறகு நீலம். தண்ணீர் தொட்டு விட்டான். 'சுர்ர்.' செருகிய இடத்தில் பேஸ்ட் கல்லாய் இறுகியிருந்தது.

அவனுக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான். போனை எடுத்துச் சத்தத்தைப் பதிவுசெய்து பரமநாதனுக்கு அனுப்பினான். அதையே றொகானுக்கும் அனுப்பினான். கீழே எழுதினான்: "சரி வந்திட்டுது. திங்கக்கிழமை நேரத்துக்கு வா."

அந்தச் செய்தியை யாரும் பார்க்கவில்லை.

ஐந்தரைக்குப் படகுக்காரர் யாகப்புவிடமிருந்து போன் வந்தது. கீழே குளிக்கிறவனுடைய இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். மேலே அதைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறவர் யாகப்பு. அழுதுகொண்டே சொன்னார்.

"தம்பி... மூணு தரம் இழுத்தாத் தூக்கவேணும். அதுதான் கணக்கு. நான் கயித்தைக் கையை விட்டு எடுக்கவே இல்லை. மாதா மேல சத்தியம். கயிறு ஆடவே இல்லை தம்பி. ஒருக்காக்கூட ஆடேல்ல."

"கொம்ப்ரசர்...?"

"ஓடிக்கொண்டுதான் இருந்திச்சு. காத்தும் போய்க்கொண்டுதான் இருந்திச்சு. நாலு மணி வரைக்கும் குமிழி வந்தது. பிறகு நிண்டிட்டுது. தூக்கினம்..."

அதற்கு மேல் தவச்செல்வனுக்குக் கேட்கவில்லை.

பொலீஸ் வந்து எல்லாவற்றையும் சோதித்தது. புதிதாகப் பூட்டிய குழாயில் பிழை இல்லை. புகை கலக்கவில்லை. ஹோஸ் எங்கும் மடியவில்லை, நசியவில்லை, வெடிக்கவில்லை. யாகப்பு அதே ஹோஸை வாயில் வைத்து அவர்களுக்கு முன்னால் மூச்சு எடுத்துக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை பகல் ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் நிசாந்தியையும் தவச்செல்வனையும் உள்ளே கூப்பிட்டார். நல்ல மனுஷன். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"அவர் தண்ணி குடிச்சுச் சாகேல்ல. நுரையீரலில தண்ணி இல்லை. இரத்தத்தில புகையும் இல்லை" என்றார். "நான் கேக்கிறதுக்குக் குறை நினைக்க வேண்டாம். அவர் கடைசியா என்ன சாப்பிட்டவர்?"

"காலமை பாணும் சம்பலும்" என்றாள் நிசாந்தி. "நான்தான் கட்டிக் குடுத்தது."

டொக்டர் ஒரு ஸ்டீல் தட்டை மேசையில் வைத்தார். அதில் விரல் நீளத்துக்கு ஏதோ ஒன்று. சாம்பல் நிறம். கல் மாதிரி இறுகியிருந்தது.

"தொண்டையில இருந்து எடுத்தது. முழுக்க அடைச்சிருந்தது. எனக்கு என்னெண்டு விளங்கேல்ல. சீமெந்து மாதிரி, ஆனா சீமெந்து இல்லை. சூளையில வைச்சுச் சுட்ட மாதிரி இருக்கு. கடலுக்குள்ள இருந்த மனுஷனிட்ட இது எப்பிடி...?"

அது என்ன என்று அந்த அறையில் தவச்செல்வனுக்கு மட்டும்தான் தெரியும். என்ன சூட்டில் அது அப்படி இறுகும் என்பதும் தெரியும்.

நிசாந்தி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, மடியில் இருந்த புருஷனுடைய கைகளைப் பார்த்தாள். நேற்றிலிருந்து எத்தனை தரம் சவர்க்காரம் போட்டும் போகாமல், நகக்கண் முழுக்க அதே சாம்பல் நிறம் காய்ந்து கிடந்தது.

"இஞ்சேருங்கோ" என்றாள் மெதுவாக. "உங்கட கையில என்ன?"